பந்தயத் தடத்திற்கான டர்போ கார் மாற்றியமைப்பு

பந்தயத் தடத்திற்கான டர்போ கார் மாற்றியமைப்பு என்பது, சாலைப் பயன்பாட்டிற்காகத் தயாரிக்கப்பட்ட டர்போசார்ஜர் பொருத்திய காரை, மூடிய பந்தயத் தடத்தில் தொடர்ந்து உச்ச வேகத்தில் ஓடுவதற்கு ஏற்றதாக மாற்றும் பணியாகும். எஞ்சினின் திறனைக் கூட்டுவது இப்பணியின் ஒரு பகுதி மட்டுமே. வெப்பத்தை வெளியேற்றுதல், பிரேக், டயர், எண்ணெய் ஓட்டம், ஓட்டுநரின் பாதுகாப்பு ஆகியவையே இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. தமிழ்நாட்டில் இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலும் நிலையான பந்தயத் தடங்கள் உள்ளன.

சாலையில் ஓடும் கார் தன் முழுத் திறனையும் சில விநாடிகளுக்கு மேல் பயன்படுத்துவது அரிது. முந்திச் செல்லும்போது எழும் வெப்பம், அடுத்த சில நிமிட நிதான ஓட்டத்தில் தணிந்துவிடும். பந்தயத் தடத்தில் இந்த ஓய்வு கிடையாது. ஒவ்வொரு சுற்றின் பெரும்பகுதியிலும் ஓட்டுநர் முழு முடுக்கத்திலோ முழு பிரேக்கிலோ இருப்பார். இருபது நிமிடங்கள் இவ்வாறு ஓடினால், சாலையில் குறையே தெரியாத காரின் பலவீனங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

டர்போசார்ஜர் இயங்கும் முறை

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் எரிபொருளின் ஆற்றலில் ஒரு பெரும்பகுதி வீணாகப் போகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள அமுக்கியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவியே டர்போசார்ஜர். காற்று கூடுதலாகச் சென்றால் எரிபொருளையும் கூடுதலாக எரிக்கலாம். எனவே சிறிய எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினுக்குரிய திறன் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905 ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமையைப் பெற்றார்.

சுழலி என்னும் சொல் கடலூர் மாவட்டத்து மாணவர்களுக்குப் புதிதன்று. நெய்வேலி அனல்மின் நிலையங்களில் பழுப்பு நிலக்கரியை எரித்து நீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் சுழலியைச் சுழற்றி மின்சாரம் எடுக்கின்றனர். சூடான வளிமம் இதழ்களின்மேல் மோதிச் சுழற்றுகிறது என்ற அடிப்படை இரண்டிற்கும் பொது. வேறுபாடு அளவிலும் வேகத்திலும் உள்ளது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தர வேண்டியிருப்பதால் மின் நிலையத்தின் பெரிய சுழலி நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழல்கிறது. உள்ளங்கையில் அடங்கும் டர்போ சுழலியோ நிமிடத்திற்கு 1,50,000 சுற்றுகளையும் தாண்டும். அதில் மோதும் புகையின் வெப்பம் பெட்ரோல் எஞ்சினில் 900 பாகை செல்சியஸுக்கு மேல் செல்லக்கூடும். அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். எண்ணெய் ஒரு கணம் நின்றாலும் தாங்கிகள் சேதமடையும்.

அழுத்தம் அளவு மீறாமல் காக்க வேஸ்ட்கேட் என்னும் அடைப்பான் உள்ளது. குறித்த அழுத்தம் வந்ததும் இது திறந்து, புகையின் ஒரு பகுதியைச் சுழலிக்குள் செல்லவிடாமல் வேறு வழியில் அனுப்பிவிடுகிறது. டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தைப் பூஸ்ட் என்பர்.

பந்தயங்களில் டர்போ

பார்முலா 1 பந்தயத்தில் முதல் டர்போ கார் 1977 ஆம் ஆண்டு பிரித்தானிய கிராண்ட் பிரீயில் இறங்கிய ரெனோ ஆர்எஸ்01 ஆகும். தொடக்கத்தில் அடிக்கடி பழுதாகி நின்ற அந்த அணி, 1979 இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் முதல் வெற்றியைப் பெற்றது. பின்னர் டர்போ எஞ்சின்களின் திறன் கட்டுக்கடங்காமல் போகவே, 1988 பருவத்திற்குப் பின் அவை தடை செய்யப்பட்டன. 2014 இல் மின் மோட்டாருடன் இணைந்த கலப்பு முறையில் மீண்டும் வந்தன. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநராகவும், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010 இல் இரண்டாமவராகவும் களமிறங்கினர். இருவரும் டர்போ இல்லாத காலத்தில் ஓட்டியவர்கள்.

தமிழ்நாட்டின் பந்தயத் தடங்கள்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. 1953 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இவற்றை நடத்தியது. பின்னர் இக்கழகமே ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள நிலையான தடத்தை அமைத்தது. 1990 முதல் அங்குப் பந்தயங்கள் நடந்துவருகின்றன.

கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தவர். இந்திய இளைஞர்கள் பலர் பந்தய உலகிற்குள் நுழைய இக்கார்கள் வழிவகுத்தன. 1995 இல் விமான விபத்தில் அவர் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கி.மீ. தடம் அவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயர் பெற்றது.

சாலைக் காரைப் பந்தயக் காராக மாற்றுவதற்குத் தமிழகத் தடங்களில் ஓடிய ஃபோக்ஸ்வாகன் ஒரே வகைக் கார் பந்தயங்கள் நல்ல எடுத்துக்காட்டு. 2010 இல் தொடங்கிய போலோ கோப்பையில் 130 குதிரைத்திறன் கொண்ட 1.6 லிட்டர் டர்போ டீசல் கார்கள் ஓடின. பின்னர் வந்த வென்டோ கோப்பையில் 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் 180 குதிரைத்திறன் தந்தது. வெளித்தோற்றத்தில் தெருவில் காணும் கார்தான். உள்ளே பின்னிருக்கை, ஒலிப்பெருக்கி, தரைவிரிப்பு ஆகியவை நீக்கப்பட்டு, எஃகுக் குழாய்க் கூண்டும் பந்தய இருக்கையும் இருந்தன. அனைவருக்கும் ஒரே கார் என்பதால் வெற்றி ஓட்டுநரின் திறமையைப் பொறுத்தது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னை தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவுப் பந்தயம் நடந்தது. அதில் ஓடிய இந்திய பார்முலா 4 கார்களிலும் டர்போ எஞ்சினே பொருத்தப்பட்டிருந்தது.

வெப்பமும் இன்டர்கூலரும்

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை எவரும் தொட்டு உணரலாம். டர்போ அமுக்கியிலும் இதுவே நிகழ்கிறது.

வெளிக்காற்று 35 பாகை செல்சியஸ், பூஸ்ட் 1 பார், அமுக்கியின் பயனுறுதிறன் 70 விழுக்காடு எனக் கொள்வோம். கணக்கிட்டால் அமுக்கியிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 131 பாகை. சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும் என்பதால், அழுத்தியதன் பயனில் ஒரு பகுதி வீணாகிவிடும். மேலும், எரிபொருள் கலவை உரிய நேரத்திற்கு முன்பே தானாக வெடிக்கும் நாக்கிங் என்னும் நிலையும் உண்டாகும். இதைத் தடுக்கவே அமுக்கிக்கும் எஞ்சினுக்கும் இடையில் இன்டர்கூலர் வைக்கப்படுகிறது. இன்டர்கூலரின் பயனுறுதிறனும் 70 விழுக்காடு எனில் காற்று சுமார் 64 பாகைக்குக் குளிரும். அடர்த்தி ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும்.

இதே காரை 20 பாகை வெப்பமுள்ள ஊரில் ஓட்டினால், இன்டர்கூலரைத் தாண்டிய காற்று சுமார் 48 பாகையில் இருக்கும். ஆகவே குளிர்நாட்டில் சோதித்துப் பார்த்த எஞ்சின் அமைப்பை அப்படியே இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுவருவது ஆபத்து. அங்கே பாதுகாப்பாக இருந்த பற்றவைப்பு நேரம், இங்கே வெயில் நாளில் நாக்கிங்கை உண்டாக்கலாம். பெரிய இன்டர்கூலர், அதற்குக் காற்று தவறாமல் செல்லும் வழி, பெரிய ரேடியேட்டர், சுழலியின் வெப்பத்தைத் தடுக்கும் உறை ஆகியவை தமிழகத் தட்பவெப்பத்தில் முதலில் செய்ய வேண்டியவை.

எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியும் எரிபொருளும்

இன்றைய கார்களில் எரிபொருளின் அளவு, பற்றவைப்பு நேரம், பூஸ்ட் ஆகியவற்றை ஈசியு என்னும் கணினி முடிவு செய்கிறது. இதன் எண்களை மாற்றி எழுதுவது ரீமேப் எனப்படும். டர்போ இல்லாத எஞ்சினில் ரீமேப்பால் கிடைக்கும் பயன் சிறிது. டர்போ எஞ்சினில் பூஸ்டையே உயர்த்த முடிவதால் பயன் மிகுதி. சில மணி நேர வேலையில் திறன் கணிசமாகக் கூடும் என்பதே பலரை இதன்பால் ஈர்க்கிறது.

ஆனால் தயாரிப்பாளர் விட்டுவைத்திருக்கும் இடைவெளி வீணானது அன்று. மோசமான எரிபொருள், கோடை வெப்பம், பழைய எண்ணெய், மாற்றப்படாத பற்றவைப்புப் பிளக் ஆகிய எல்லாவற்றையும் தாங்குவதற்காக விடப்பட்டதே அது. பூஸ்டை உயர்த்தும்போது அந்த இடைவெளியைத்தான் செலவழிக்கிறோம். கூடுதல் காற்றுக்கு ஈடான எரிபொருளைப் பம்பும் இன்ஜெக்டர்களும் தர இயலாவிட்டால் கலவை மெலிந்து, வெப்பம் ஏறி, பிஸ்டன் உருகும் நிலை வரலாம். குறைந்த சுற்று வேகத்திலேயே மிகுந்த பூஸ்ட் கொடுத்தால் இணைப்புத் தண்டுகள் வளையக்கூடும்.

எரிபொருளின் ஆக்டேன் எண் நாக்கிங்கை எதிர்க்கும் ஆற்றலைக் குறிக்கும். இந்தியாவில் சில பெட்ரோல் நிலையங்களில் 100 ஆக்டேன் பெட்ரோலும் கிடைக்கிறது. எத்தனால் கலப்பு நாக்கிங்கை எதிர்க்க உதவும். ஆனால் அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படும். தூய பெட்ரோலின் ஒரு கிலோவை முழுமையாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிலோ போதும். எனவே எந்த எரிபொருளுக்காக ரீமேப் செய்யப்பட்டதோ, அதையே தடத்திலும் பயன்படுத்த வேண்டும்.

எண்ணெய் ஓட்டம்

நீண்ட வளைவில் கார் வேகமாகத் திரும்பும்போது எஞ்சினின் அடித்தொட்டியில் உள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சு குழாயின் வாய் ஒரு விநாடி காற்றை உறிஞ்சினால் தாங்கிகளும் டர்போவும் எண்ணெயின்றி ஓடும். பந்தயக் கார் எஞ்சின்கள் அழிவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளை வைப்பது எளிய தீர்வு. தனித் தொட்டியிலிருந்து எண்ணெயை அனுப்பும் உலர்தொட்டி முறை முழுமையான தீர்வாகும்.

எண்ணெய்க் குளிர்விப்பான் பொருத்துவதும் இன்றியமையாதது. ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தக் கூடாது. சிவக்கக் காய்ந்த சுழலியைச் சுற்றி நிற்கும் எண்ணெய் கருகிப் படிந்துவிடும். கடைசிச் சுற்றை நிதானமாக ஓட்டிக் குளிரவிடுவது வழக்கம்.

பிரேக்

1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்திற்குக் குறைய, பிரேக்குகள் ஏறத்தாழ 12 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். நான்கு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. சில விநாடிகளில் நிகழும் இச்செயல் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை திரும்ப நிகழும்.

வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால்தான் எஞ்சின் திறனை மட்டும் கூட்டிய கார், மாற்றாத காரைவிட ஆபத்தானதாகிறது. நேர்ப்பாதையின் முடிவில் கூடுதல் வேகத்துடன் வந்து சேரும் அது, பழைய பிரேக்கையே நம்பியிருக்கும்.

பிரேக் பட்டைகள் தாங்கும் வெப்பத்தைக் கடந்தால் பிடிப்பு குறையும். பிரேக் திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தைப் போலன்றி ஆவி அழுத்தத்தில் சுருங்கிவிடும் என்பதால் மிதிகட்டை தரைவரை சென்றும் கார் நிற்காது. டாட் 4 தரத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின் இது 155 பாகை வரை இறங்கலாம். ஈரப்பதம் மிகுந்த தமிழகக் கடலோர மாவட்டங்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். தட ஓட்டத்திற்கு முன் புதிய உயர் கொதிநிலைத் திரவம், வெப்பம் தாங்கும் பட்டைகள், பிரேக் தட்டுக்குக் காற்று கொண்டுசெல்லும் குழாய் ஆகியவற்றைப் பொருத்துவது குறைந்த செலவில் பெரும்பயன் தரும்.

டயரும் சஸ்பென்ஷனும்

எஞ்சின், பிரேக் ஆகிய இரண்டின் ஆற்றலும் டயர் தரையைத் தொடும் உள்ளங்கையளவு பரப்பின் வழியாகவே செயல்படுகிறது. டயர் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்றழுத்தம் ஏறும். 30 பாகையில் 26 பிஎஸ்ஐ இருந்த டயர், உள்காற்று 80 பாகை ஆகும்போது சுமார் 33 பிஎஸ்ஐ காட்டும். ஆகவே பந்தயக் குழுவினர் சூடான நிலையில் வேண்டிய அழுத்தத்தை முடிவு செய்து, அதற்கேற்பக் குளிர்ந்த நிலையில் குறைவாக நிரப்புகின்றனர்.

விறைப்பான சுருள்வில், அதற்கு ஏற்ற அதிர்வுத் தணிப்பான், சக்கரத்தின் மேற்பகுதியை உட்புறம் சாய்க்கும் கேம்பர் ஆகியவை வளைவில் டயர் முழுப்பரப்பும் தரையைத் தொட உதவும். முன்சக்கர இயக்கமுள்ள டர்போ காரில் வளைவிலிருந்து வெளியேறும்போது உட்புறச் சக்கரம் வீணாகச் சுழலும். சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல் இதைக் குறைக்கிறது.

ஓட்டுநர் பாதுகாப்பு

கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் காப்பது எஃகுக் குழாய்க் கூண்டு. இதன் குழாய் அளவு, பற்றவைப்பு, பொருத்தும் இடம் ஆகியவற்றைப் பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. வரையறுத்துள்ளது. பந்தய இருக்கை, ஆறு முனை வார்ப்பட்டை, தலையையும் கழுத்தையும் தாங்கும் ஹான்ஸ் கருவி, தீத்தடுப்பு உடை, தீயணைப்பான், வெளியிலிருந்தும் மின்சாரத்தை நிறுத்தும் விசை ஆகியவை இதனுடன் சேர்ந்தவை.

இவற்றில் சிலவற்றை மட்டும் பொருத்துவது தீமையாகலாம். கூண்டு இல்லாத காரில் ஆறு முனைப் பட்டை போட்டால், கவிழும்போது ஓட்டுநர் சாய இயலாமல் நிமிர்ந்தபடியே நசுங்கும் கூரையின் அடியில் சிக்கிக்கொள்வார். தலைக்கவசம் இல்லாமல் சாலையில் ஓட்டும் காரில் கூண்டு இருந்தால், சிறு விபத்திலும் தலை எஃகுக் குழாயில் மோதும். பந்தயப் பாதுகாப்புக் கருவிகள் ஒன்றையொன்று சார்ந்த ஒரே தொகுதி.

போட்டி விதிகள்

இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்னும் கூட்டமைப்பு நெறிப்படுத்துகிறது. பங்கேற்க அதன் உரிமம் வேண்டும். காரின் மாற்றங்கள் அது ஓடவிருக்கும் பிரிவின் விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். விதிநூலைப் படிக்காமல் வாங்கிய விலையுயர்ந்த உறுப்பால், கார் தொழில்நுட்பச் சோதனையிலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

டர்போ கார்களை மற்ற கார்களோடு ஒப்பிட எஃப்.ஐ.ஏ. ஒரு பெருக்கெண்ணைப் பயன்படுத்துகிறது. டர்போ பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்க வேண்டும். இதன்படி 1.4 லிட்டர் டர்போ எஞ்சின் 2.38 லிட்டர் எஞ்சினாகக் கருதப்படும். சில பிரிவுகளில் அமுக்கியின் வாயில் குறித்த விட்டமுள்ள காற்றுத் தடுப்பு வளையம் பொருத்தப்படும். அவ்வாறான கார்களில் பூஸ்டை எவ்வளவு கூட்டினாலும், உள்ளே செல்லும் காற்றின் அளவு ஓர் எல்லையைத் தாண்டாது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி இத்தகைய மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ விதிக்கலாம். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது 189 ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம்.

எனவே தடத்திற்காக முழுமையாக மாற்றிய காரைச் சாலையில் ஓட்டாமல், இழுவை வண்டியிலோ லாரியிலோ ஏற்றிச் செல்வதே முறை. பந்தயத்தில் ஏற்படும் சேதத்திற்கு வழக்கமான வாகனக் காப்பீடு பொருந்தாது. கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற நெடுஞ்சாலைகளில் எதிரே பேருந்தும், குறுக்கே கால்நடையும் நடந்து செல்வோரும் வருவர். தடத்தில் இருப்பதுபோல் ஓடி நிற்க இடமோ, கொடி காட்டுவோரோ, ஆயத்தமாக நிற்கும் ஆம்புலன்சோ அங்கு இல்லை. அங்கு நேரும் தவறின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.

மாற்றங்களின் வரிசை

அனுபவமுள்ள குழுக்கள் பொதுவாகப் பின்வரும் வரிசையைப் பின்பற்றுகின்றன.

1. காரின் இப்போதைய நிலையைச் சோதித்து, எண்ணெய், குளிர்திரவம், பிரேக் திரவம் ஆகியவற்றைப் புதுப்பித்தல்.
2. ஓட்டுநர் பயிற்சி பெறுதல்.
3. பாதுகாப்புக் கருவிகளை முழுத் தொகுதியாகப் பொருத்துதல்.
4. பிரேக், டயர் ஆகியவற்றை மேம்படுத்துதல்.
5. இன்டர்கூலர், ரேடியேட்டர், எண்ணெய்க் குளிர்விப்பான் ஆகியவற்றைப் பொருத்துதல்.
6. சஸ்பென்ஷனைச் சீரமைத்தல்.
7. எண்ணெய் வெப்பம், பூஸ்ட், காற்று-எரிபொருள் விகிதம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் கருவிகளை அமைத்தல்.
8. இவையெல்லாம் முடிந்த பின் பூஸ்டையும் திறனையும் படிப்படியாகக் கூட்டுதல்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, சுற்று நேரத்தையும் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது பயன் தந்தது என்பது தெரியும்.

மாணவர்களுக்கான வாய்ப்புகள்

சொந்தமாகக் கார் இல்லாத மாணவர்களும் இத்துறையைக் கற்க வழி உண்டு. பொறியியல் கல்லூரி அணிகள் தாமே சிறு பந்தயக் காரை வடிவமைத்துக் கட்டிப் பங்கேற்கும் பார்முலா பாரத் போட்டி கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடத்தப்பட்டுள்ளது. இவ்வகை மாணவர் போட்டிகளில் எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள தடுப்பின் வழியாகச் செல்ல வேண்டும் என்பது பெட்ரோல் கார்களுக்கான விதி. டர்போ பொருத்துவோர் குறைந்த காற்றைக்கொண்டு எவ்வாறு சீரான இழுவிசை பெறுவது என்பதைத் தாமே கணக்கிட்டு அறிய வேண்டியுள்ளது. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருளறிவியல், மின்னணுவியல் ஆகிய பாடங்கள் ஒன்றுசேரும் இடமாக இது விளங்குகிறது.